முளைதானியத்திலிருந்து தொடங்குவோர்க்கு

பிரித்தானியாவிலே ஞாயிற்றுக்கிழமை காலை வேளைகளில் பெரிய பானைகளோடு தோட்டத்துக் கொட்டிலுக்குள்ளும் குசினிக்குள்ளும் புகுந்துவிடும் ஆடவரும் பெண்டிரும் பலர் உளர். தம் வீட்டுத் தேவைக்கான பியரைத் தாமே ஆக்கிக்கொள்வது அந்நாட்டில் தச்சுவேலை, பூந்தோட்ட வேலை போன்றதொரு பொழுதுபோக்கு. இதில் இறங்குவோர் பெரும்பாலும் எளிய வழியையே முதலிற் கைக்கொள்வர். கடையிலே தகரப்பேணியில் விற்கும் முளைதானியப் பாகை வாங்கி, சுடுநீரிற் கரைத்து, மதுவத்தைத் தூவி மூடிவைத்துவிட்டால் வேலை முடிந்தது. ஓராண்டு ஈராண்டு இப்படிக் கழிந்தபின் ஒருநாள் மனத்திலே ஓர் ஆசை முளைவிடும். பிறர் காய்ச்சிய பாகை ஏன் வாங்க வேண்டும்? பார்லியையே வாங்கி, அதிலிருந்து நம் கையாலேயே சாறு இறக்கினால் என்ன? அந்த ஆசை நிறைவேறும் முதல் நாளைப் பற்றியும், அதற்கான ஆயத்தங்களைப் பற்றியும் இக்கிழமை எழுதுகின்றோம்.

குடும்பப் பகுதியிலே இப்படியும் ஒரு விஷயமா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். குடியைப் புகழ நாம் வரவில்லை. குடியினாற் குலைந்த வீடுகள் எம் அயலிலேயே உண்டு. அவற்றைக் காணாதார்போல் எழுத எமக்கு மனம் வராது. இன்னொன்றும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். எம் நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்வது குற்றமாகும். ஆதலின் இதைப் படித்துவிட்டு இங்கே எவரும் அடுப்பில் பானையை ஏற்றிவிட வேண்டாம். ஆனால் கடல்கடந்து வாழும் மகனோ மருமகளோ இவ்வேலையில் இறங்கியிருந்தால், இப்பக்கத்தை வெட்டி அனுப்புவதில் எமக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் வீட்டிலே போய்த் தங்கும் பெற்றோரும், குசினியில் ஆளுயரத்துக்கு ஆவி எழும்பும் பானையைக் கண்டு கலங்காதிருக்கலாம்.

பிரித்தானியாவிலும் இது எப்போதும் தடையற்ற காரியமாக இருந்ததில்லை. 1880இல் கிளாட்ஸ்டன் முளைதானிய வரியை நீக்கிப் பியர்மீதே வரி விதித்தபோது, வீட்டில் ஆக்குவோரும் உரிமம் பெறவேண்டியதாயிற்று. அவ்வுரிமத்தை நிதியமைச்சர் ரெஜினோல்ட் மோட்லிங் 1963இல் ஒழித்தார். அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978இல் ஒப்பமிட்ட சட்டமே வீட்டாருக்கு வழிதிறந்தது. அதன் பின்னரும் மிசிசிப்பி, அலபாமா என்னும் இரு மாநிலங்கள் 2013 வரை கதவைத் திறக்கவில்லை. எங்கேயாயினும் ஆக்கிய பியரை உரிமமின்றி விற்பது வேறு கதை. பிரித்தானியாவில் வாலை வைத்துச் சாராயம் வடிப்பதும் இன்றும் உரிமமின்றிச் செய்யக்கூடாத குற்றமே. பழகுவோர் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

இனி, பாகிலிருந்து தானியத்துக்கு வருவதனால் என்ன மாறுகின்றது? யாழ்ப்பாணத்து வாசகருக்கு இதனை விளக்குவது எளிது. பனையிலிருந்து இறங்கும் நீரிலே இனிப்பு ஆயத்தமாகவே உண்டு. முட்டியிலே சுண்ணாம்பு தடவினால் அது கருப்பநீர். தடவாது விட்டால் காற்றிலுள்ள மதுவமே அதைக் கள்ளாக்கிவிடும். மனிதர் செய்யவேண்டியது மிகக் குறைவு. பார்லி அப்படியன்று. அதனுள் இருப்பது இனிப்பன்று, மாப்பொருள். மதுவம் மாப்பொருளை உண்ணாது. அம்மாப்பொருளை இனிப்பாக்கும் நொதியங்களைத் தானியம் முளைக்கும்போது தானே உண்டாக்கிக்கொள்கின்றது. குழந்தைக்குக் கஞ்சி வைக்கக் குரக்கனை முளைகட்டி உலர்த்தி இடிக்கும் தாய்மாருக்கு இந்த இரகசியம் முன்னரே தெரியும். பார்லியை நனைத்து, முளைவிடச் செய்து, சூளையில் உலர்த்தினால் அதுவே மால்ட். அதை நொறுக்கி, அளவான சூட்டுள்ள நீரில் ஒரு மணிநேரம் ஊறவைத்தால் நொதியங்கள் விழித்தெழுந்து மாப்பொருளை வெல்லமாக்குகின்றன. பாகுப்பேணி வாங்குவோருக்கு இந்த ஒரு மணிநேரத்தை ஏதோவோர் ஆலை செய்துகொடுத்துவிடுகின்றது. தானியத்திலிருந்து தொடங்குவோர் இதைத் தம் தலையிலேயே ஏற்றுக்கொள்கின்றனர். அந்த நாளின் வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இந்த ஒரு மணிநேரத்திலேயே தங்கியுள்ளன.

முதன்முறைக்கு எளிய சேர்மானமே நன்று. இங்கிலாந்தின் சாதாரண 'பிற்றர்' வகைப் பியரை எடுத்துக்கொள்வோம். 23 லீற்றருக்கு வெளிறிய மால்ட் 4.3 கிலோகிராம், 1960களில் கேம்பிரிட்ஜில் உருவான 'மாரிஸ் ஒட்டர்' என்னும் பார்லியின் மால்ட் கிடைத்தால் மெத்த நல்லது. நிறத்துக்கும் இனிப்புச் சுவைக்குமாகக் 'கிறிஸ்டல்' மால்ட் 300 கிராம். கென்ற் நாட்டுப்புறத்துக் கோல்டிங்ஸ் ஹொப்ஸ் 70 கிராம். அதில் 50 கசப்புக்கு, 20 மணத்துக்கு. உலர் மதுவம் 11 கிராம் பொட்டலம் ஒன்று. எட்டு வகை மால்ட்டும் தோடம்பழத் தோலும் கொத்தமல்லியும் சேர்த்து முதல் நாளிலேயே வித்தை காட்ட முனைவோரும் உளர். பியர் சரிவராதபோது குற்றம் எதிலே என்று அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

மால்ட்டைக் கடையிலேயே நொறுக்கித் தரச் சொல்லலாம். மாவாக அரைபடலாகாது, உமி முழுமையாக நிற்க, உள்ளே உள்ள பருப்பு மாத்திரம் உடைபட வேண்டும். உமிதான் பின்னர் வடிதட்டாக அமைந்து சாற்றைத் தெளியவைக்கின்றது. மாவாய்ப் போனால் எல்லாம் களியாகி, குழாயிலே ஒரு சொட்டும் இறங்காது அடைத்துக்கொள்ளும். நொறுக்கிய மால்ட்டை மாதக்கணக்கில் வைத்திருப்பதும் நன்றன்று.

பாத்திரங்களைப் பொறுத்தவரை, முளைதானியத்தை ஊறவைக்க வேண்டிய தொட்டி சூட்டைப் பேண வேண்டும். உல்லாசப் பயணத்துக்குக் குளிர்பானம் கொண்டுபோகும் தடித்த பிளாஸ்டிக் பெட்டியே பலருக்குத் தொட்டியாகின்றது. குளிரைக் காப்பது சூட்டையும் காக்கும் அன்றோ! அதன் அடியிலே துளையிட்ட குழாயோ கம்பிவலையோ பொருத்தி, வெளியே ஒரு திருகுகுழாய் வைத்துவிட்டால் போதும். கொதிக்கவைக்கும் பானை 40 லீற்றர் கொள்ளவேண்டும். 30 லீற்றர்ப் பானையோடு சமாளிக்கலாம் என்று எண்ணுவோர் பொங்கிவழியும் சாற்றை அடுப்பிலிருந்தும் நிலத்திலிருந்தும் துடைக்கவேண்டி வரும். அவுஸ்திரேலியர் தோற்றுவித்த வேறொரு முறையும் உண்டு. மால்ட்டைப் பெரியதொரு துணிப்பையிலிட்டு ஒரே பானையில் ஊறவைத்து, பையைத் தூக்கி வடியவிட்டு, அதே பானையிற் கொதிக்கவைப்பர். இடமும் பணமும் குறைந்தோருக்கு அது நல்ல வழிதான். ஈரத்தோடு கனக்கும் பையைத் தூக்க நல்ல முதுகு மாத்திரம் வேண்டும்.

ஆயத்தத்தின் உயிர்நிலை எது என்று கேட்பின், நீர்க்கணக்கு என்போம். பலர் இதனை அலட்சியஞ் செய்கின்றனர். கடைசியில் வேண்டியதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நொதிக்கும் வாளியில் 23 லீற்றர் வேண்டும். பானையின் அடியில் மண்டியோடும் ஹொப்ஸோடும் 2 லீற்றர் நின்றுவிடும், ஆக 25. சூடான நீர் ஆறும்போது நூற்றுக்கு நான்கு பங்கு சுருங்கும் என்பதால், கொதி முடியும்வேளை 26 இருக்கவேண்டும். ஒரு மணிநேரக் கொதியில் ஆவியாவது ஏறக்குறைய 3. ஆகவே கொதி தொடங்கும்போது 29. தானியம் கிலோவுக்கு ஒரு லீற்றர் குடித்து வைத்துக்கொள்ளும், 4.6 கிலோவுக்கு 4.6 லீற்றர். எல்லாமாக ஏறத்தாழ 34 லீற்றர் நீர். இதில் ஊறவைக்கக் கிலோவுக்கு 2.6 லீற்றர் வீதம் 12. எஞ்சிய 22 கழுவி இறக்குவதற்கு. பானைக்குப் பானை ஆவியாகும் அளவு வேறுபடும் என்பதால், முந்திய கிழமையிலேயே வெறுநீரை ஒரு மணிநேரம் கொதிக்கவைத்து எவ்வளவு குறைகின்றது என அளந்துகொள்பவரே கெட்டிக்காரர். அதே வேளையில் குழாய் ஒழுகுகின்றதா என்பதும் தெரிந்துவிடும். தோட்டக் குழாயிலிருந்து வெறுநீர் ஒழுகினால் துணிகொண்டு துடைக்கலாம். 66 பாகைக் கூழ் ஒழுகும்போது அடைக்க எதைக் கொண்டு வருவது?

நீரிலே குளோரீன் கலந்திருந்தால் பியரில் மருந்து வாடை ஏறும். 34 லீற்றருக்கும் 'கம்டன்' மாத்திரை அரையை நொறுக்கிப் போட்டாற் போதும். பேர்ட்டன் நகர நீரின் உப்புக்கள், இலண்டன் நீரின் சுண்ணாம்பு என்றெல்லாம் ஆராய்ச்சி செய்ய இன்னும் பல ஞாயிறுகள் வரும். முதல் நாளில் நீர் குடிக்கத்தக்கதாயிருந்தால் அதுவே போதுமானது.

அடுத்தது வெப்பமானி. பதினெட்டாம் நூற்றாண்டுவரை இங்கிலாந்தில் பியர் ஆக்கியோருக்கு வெப்பமானி இல்லை. கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி விலகி நீரிலே தம் முகம் தெரியும் வேளையே மால்ட் இடத்தக்கது என்று கொண்டனர். 1762இல் மைக்கேல் கொம்புறூன் என்பவர் எழுதிய நூலே வெப்பமானியைத் தொழிலுக்குள் கொண்டுவருவதில் முன்னின்றது. இதிலே சில பாகைகளுக்கு எவ்வளவு பெறுமதி என்று பாருங்கள். மால்ட்டிலே இரு நொதியங்கள் வேலைசெய்கின்றன. ஒன்று 60 முதல் 65 பாகைவரை உற்சாகமாய் இருந்து, மதுவம் முழுமையாக உண்ணத்தக்க வெல்லத்தைத் தருகின்றது. மற்றது 70 பாகையை அண்டித் திறமாய் இயங்கி, மதுவம் உண்ணமுடியாத பெரிய துணுக்குகளையும் விட்டுவைக்கின்றது. கூழ் 64இல் நின்றால் பியர் மெலிந்து வறண்டிருக்கும்; 69இல் நின்றால் தடிப்பாகவும் இனிப்பாகவும் இருக்கும். 80ஐத் தொட்டால் இரண்டுமே செத்துவிடும்; பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை. எனவே 66 என்பது இருவரையும் திருப்திப்படுத்தும் நடுவழி. ஆனால் வெப்பமானியே பொய் சொன்னால்? உருகும் பனிக்கட்டியில் அமிழ்த்தி 0 காட்டுகின்றதா, கொதிக்கும் நீரில் 100 காட்டுகின்றதா என்று முதல்நாளே சோதித்துவிட வேண்டும். கண்ணாடி வெப்பமானியாற் கூழைக் கிளறவே கூடாது. அது உடைந்தால் தொட்டியிலுள்ள அத்தனையையும் குழியிற் கொட்ட வேண்டியதுதான்.

66 பாகைக் கூழ் வேண்டுமாயின் நீர் 66 பாகையில் இருந்தாற் போதாது. 18 பாகையிலுள்ள தானியம் சூட்டை இழுத்துக்கொள்ளும். நாம் மேலே சொன்ன அளவுகளுக்குக் கணக்கிட்டால் நீர் 74 பாகையில் இருக்கவேண்டும். தொட்டியைக் கொதிநீரூற்றி முன்னரே சூடாக்கி வைத்திருப்பது இக்கணக்கிற்குள் அடங்கியதே. அருகிலே ஒரு கேத்தில் கொதிநீரும் ஒரு சாடி குளிர்நீரும் இருப்பது நல்லது. 64இல் நின்றால் ஒன்றை ஊற்றலாம், 69இல் நின்றால் மற்றதை.

முந்திய இரவு செய்யவேண்டியவை இவை. தானியத்தை நிறுத்து வைப்பது. ஹொப்ஸை இரு கிண்ணங்களில் பிரித்து நேரத்தை எழுதி ஒட்டுவது. மதுவப் பொட்டலத்தின் திகதியைப் பார்ப்பது. பானையில் நீரை நிரப்பி மாத்திரையைக் கரைத்துவிடுவது. குளிர்காலத்து 10 பாகைக் குழாய்நீரில் 34 லீற்றரை 3 கிலோவாற்று மின்சூடேற்றி 74 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஒரு மணிநேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும். இங்கிலாந்து சென்றிருந்தபோது நாம் கண்ட ஒரு வீட்டில் வேலை முற்பகல் பதினொரு மணிக்குத் தொடங்கிற்று. இராச்சாப்பாட்டு வேளையில் குசினி முழுதும் பானையாக இருந்தது. அந்த வீட்டு அம்மையார் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் பேசியிருந்தாலே நன்றாயிருந்திருக்கும் என்று எமக்குப் பட்டது. ஆறு அல்லது ஏழு மணிநேரம் செல்லும் காரியம் இது. வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லி அடுப்பையும் கழுவுதொட்டியையும் இரவல் பெறுவது, மால்ட் வாங்குவதற்கும் முந்திய ஆயத்தம்.

ஊறல் முடிந்ததும், முதலில் இறங்கும் கலங்கற் சாற்றை ஒரு சாடியில் ஏந்தி மெல்ல மேலேயே ஊற்றிவிட வேண்டும். இரண்டு மூன்று சாடிக்குள் தெளிந்துவிடும். பின்னர் எஞ்சிய நீரை 77 பாகைக்கு மேற்படாது சூடாக்கித் தானியத்தின்மேல் ஊற்றிக் கழுவி இறக்க வேண்டும். இன்னும் சூடாகவோ இன்னும் அதிகமாகவோ ஊற்றிப் பிழிந்தெடுக்க ஆசைப்பட்டால் உமியின் துவர்ப்பும் கூடவே வந்துவிடும். இங்கேதான் நீர்மானி வேண்டும். 1784இல் ஜோன் ரிச்சட்சன் என்பவர் பியர்த் தொழிலுக்காகவே செப்பனிட்ட கருவியின் வழிவந்தது அது. கொதிக்குமுன் 1.035, கொதித்தபின் 1.040 அளவில் காட்டினால் நன்று. சூடான சாற்றில் அமிழ்த்தினால் குறைவாகக் காட்டும். ஒரு குவளையில் எடுத்து 20 பாகைக்கு ஆறவிட்டே பார்க்கவேண்டும். முதன்முறையில் அடர்த்தி குறைவது சகஜம். அதற்காக உலர்ந்த மால்ட் தூள் 500 கிராம் அலுமாரியில் இருக்கட்டும். 23 லீற்றரில் அது அடர்த்தியை ஏறத்தாழ எட்டுப் புள்ளி உயர்த்தும். அதைச் சேர்ப்பது கௌரவக் குறைவு என்று நினைக்க நியாயமில்லை.

கொதி தொடங்கும் கணத்தில் பானையை விட்டு அகலக்கூடாது. புரதம் திரண்டு நுரை பொங்கிவரும். பால் பொங்குவதைக் காட்டிலும் வேகமாக. அடங்கியபின் 50 கிராம் ஹொப்ஸ். கடைசிப் பத்து நிமிடத்தில் மிச்சம் 20. மூடியைத் திறந்தே வைக்கவேண்டும். மூடிக் கொதிக்கவைத்தால் வேகவைத்த சோளம்போன்ற வாடை உள்ளேயே தங்கும். 29 லீற்றர் கொதிக்கும் இனிப்புச் சாறு என்பது சாதாரண வெந்நீரன்று; தோலிற் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். அந்த ஒரு மணிநேரம் குழந்தைகளுக்கு அங்கே இடமில்லை. நிறைந்த பானையைத் தூக்கிக்கொண்டு நடக்க எவருக்கும் அனுமதியில்லை; குழாய்வழியே இறக்கவேண்டும். பூட்டிய கொட்டிலுக்குள் வாயு அடுப்பைக் கொளுத்துவோருக்கு மணமற்ற காபனோரொட்சைட்டு எமனாக வரும். மழை பெய்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

கொதி நின்றதும் ஆசாரம் தொடங்குகின்றது. அதுவரை பாத்திரங்கள் துப்புரவாயிருந்தாற் போதும். கொதி எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஆறிய சாறோ பற்றீரியாவுக்குப் பந்தி விரித்த இலை. அதிலே படும் கரண்டி, குழாய், வாளி, மூடி யாவும் கிருமிநீக்கித் திரவத்தில் முழுகியெழுந்திருக்க வேண்டும். கொதி முடியப் பதினைந்து நிமிடம் இருக்கையில் செப்புச் சுருளைப் பானைக்குள் இறக்கிவிட்டால் அது அங்கேயே சுத்தமாகிவிடும்; பின்பு அதனூடே குளிர்நீரை ஓடவிட்டால் அரை மணிநேரத்தில் சாறு 20 பாகைக்கு இறங்கும். சுருளின் இணைப்பைப் பானைக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். ஒழுகினால் தோட்டக் குழாய்நீர் சாற்றுக்குள் விழலாகாது. வாளிக்குள் உயரத்திலிருந்து சாற்றை விழவிட்டு நன்றாகக் காற்றேற்றி, மதுவத்தைத் தூவி மூட வேண்டியதுதான். கோப்பன்ஹேகனிலே கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் 1883இல் தனி மதுவத்தைப் பிரித்தெடுத்த நாள்முதல் நல்ல மதுவம் எவருக்கும் கிடைக்கும் பொருளாயிற்று.

அதன்பின் நடப்பது மதுவத்தின் வேலை. 18 முதல் 20 பாகைவரையான ஒரு மூலையில் வாளி ஒரு கிழமையோ பத்து நாளோ இருக்கட்டும். நீர்மானி இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 1.010 அளவிலேயே நின்றால்தான் போத்தலில் அடைக்கலாம். அவசரப்பட்டு அடைத்தால், அல்லது லீற்றருக்கு 5 கிராம் அளவான சீனிக்குப் பதிலாகக் கையால் அள்ளிப் போட்டால், போத்தல் வெடித்துக் கண்ணைப் பறித்துவிடும்.

பானையையும் சுருளையும் அன்றிரவே கழுவிவிட வேண்டும். காய்ந்தபின் கழுவுவது இரட்டிப்பு வேலை. மிஞ்சும் ஈரத் தானியத்தைக் கோழி விரும்பி உண்ணும். ஒரு பிடியை மாவோடு பிசைந்து பாணும் சுடலாம். ஒருநாளுக்கு மேல் வைத்தால் புளித்து நாறும். கொதித்த ஹொப்ஸ் சக்கையை மாத்திரம் உரக்குவியலின் மேற்புறத்தில் திறந்தபடி கொட்டக்கூடாது. நாய் அதை உண்டால் உடற்சூடு கட்டுக்கடங்காமல் ஏறி இறந்துபோகவும் கூடும். ஆழமாகப் புதைப்பதோ கட்டிக் குப்பைத்தொட்டியிலிடுவதோ நலம்.